வெள்ளிக்கிழமை செய்த நீலப் புள்ளிகள்

1

ஊருக்கு வரும்போதெல்லாம் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் 'லேசர் வேலை' என்று சொல்லிவிடுவேன். போன முறை தில்லை நகரில் ஒரு வலிமா கல்யாண விருந்தில் அப்படிச் சொன்னதும், எதிரில் உட்கார்ந்திருந்தவர் பிரியாணியிலிருந்து கையை எடுத்துவிட்டு இடது கண்ணை அகல விரித்துக் காட்டினார். "இதுக்கு லேசர் பண்ணிடலாமா தம்பி, இல்ல சொட்டு மருந்தே போதுமா?" என்றார். நான் கண் டாக்டர் இல்லை என்று விளக்குவதற்குள், பக்கத்து மேசைக்காரர் முகத்திலிருந்த மருவைப் பற்றி விசாரிக்க எழுந்து வந்துவிட்டார். திருச்சியில் லேசர் என்றால் கண், இல்லாவிட்டால் தோல், அதுவும் இல்லாவிட்டால் மூலம். நான் செய்வது இதில் எதுவும் இல்லை.

உங்கள் கையிலிருக்கும் போனின் திரை லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிப் புள்ளிகள் இருக்கும். விலை கூடின போன்களில் இவை மின்சாரம் பாய்ந்தால் தாமே ஒளிரும் ஒரு கரிமப் பொருளால் ஆனவை. விளம்பரங்களில் ஓஎல்இடி என்று வருவது இதுதான். இந்தப் பொருளைக் கண்ணாடியின் மேல் சரியான இடத்தில் சரியான அளவுக்கு உட்காரவைப்பதில்தான் தொழிலின் முழுக் கஷ்டமும் இருக்கிறது. வழக்கமாக, நுண்ணிய துளைகள் போட்ட உலோகத் தகடு ஒன்றைக் குறுக்கே வைத்து, பொருளை ஆவியாக்கித் துளைகளின் வழியே படியவிடுவார்கள். கோல அச்சில் மாவைத் தூவுவது மாதிரி. தகடு பெரிதானால் நடுவில் தொய்ந்துவிடும், துளைகள் அடைத்துக்கொள்ளும், பாதிப் பொருள் தகட்டிலேயே வீணாகும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தகடு கிடையாது. மெல்லிய படலம் ஒன்றில் பொருளைப் பூசி, பூசிய பக்கம் கண்ணாடியைப் பார்த்திருக்கும்படி வைத்து, பின்னாலிருந்து லேசரால் தொடுவோம். லேசர் பட்ட இடத்தில் மட்டும் பொருள் சூடாகிக் கண்ணாடிக்குத் தாவி ஒட்டிக்கொள்ளும். பாலக்கரையில் என்னோடு டைப்ரைட்டிங் வகுப்புக்கு வந்தவர்களிடம் கார்பன் பேப்பர் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். எழுத்து விழுந்த இடத்தில் மட்டும் மை இறங்கும் அல்லவா, அதேதான்.

மூன்று நிறங்களில் நீலம்தான் நோஞ்சான். சிவப்பும் பச்சையும் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே நீலம் மங்க ஆரம்பித்துவிடும். ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் முடிந்துவிட்டது. நாட்டின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில், பதினோரு வருடமும் இந்த நீலத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் ரங்கராஜனின் மனைவி கோதை ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். நான்கு மாதம் முன்பே வந்திருக்க வேண்டியவள். தள்ளிப் போனதற்குக் காரணம் நான்.

2

ரங்கராஜன் எங்கள் குழுவில் சேர்ந்தது போன வருடம் ஏப்ரலில். முதல் நாள் அவன் ஆங்கிலத்தில் பேசிய பேச்சிலேயே எந்தப் பக்கத்துப் பையன் என்று தெரிந்துவிட்டது.

"திருச்சியா?" என்றேன்.

"இல்லை, ஸ்ரீரங்கம்."

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இப்படித்தான். அவர்களுக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்டினால்தான் திருச்சி. நான் விடவில்லை. "ஒன்னாம் நம்பர் பஸ் ஏறினா அரை மணி நேரம். அதுக்குள்ள வேற ஊராயிடுமா?" என்றேன். சிரித்துவிட்டான். வீடு அடையவளஞ்சான் வீதி என்றான். நான் பாலக்கரை என்றதும், "அப்போ உங்களை பாய்னு கூப்பிடலாமா?" என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் கூப்பிட ஆரம்பித்தான். ஜாபர் என்பது என் பெயர். அவன் கூப்பிடுவதைக் கேட்ட ஜெர்மன்காரர்கள் இரண்டு பேர் எனக்கு 'அன்புள்ள பாய்' என்று மின்னஞ்சல் எழுதினார்கள். நான் திருத்தவில்லை.

எங்கள் வேலை தூசில்லாத அறையில் நடப்பது. புதிதாக வருகிறவர்களுக்கு உள்ளே போகும் விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. பவுடர் கூடாது, கண் மை கூடாது, ஹேர் ஜெல் கூடாது, சென்ட் கூடாது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, இரண்டு ஜோடிக் கையுறை. எல்லாவற்றுக்கும் ஒரு தாளில் டிக் அடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ரங்கராஜனின் நெற்றியில், புருவங்களுக்கு நடுவே மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. ஸ்ரீசூர்ணம்.

"ரங்கா, இதை அழிச்சிட்டுத்தான் உள்ள போகணும். பொடி உதிரும்" என்றேன்.

"உள்ள போறப்ப மட்டும்தானே பாய்?"

"உள்ள போறப்ப மட்டும்தான்."

ஈரத்தாள் ஒன்றை நானே உருவிக் கொடுத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு துடைத்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் அப்படித்தான். மாலையில் வெளியே வந்ததும் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து மறுபடி இட்டுக்கொண்டு பஸ் ஏறுவான்.

எனக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை. விதி என்றால் விதி என்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். அத்தா திருவெறும்பூர் பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தார். தீப்பெட்டியோடு உள்ளே போகக் கூடாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகூட அவர் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்காது. அடுப்புப் பற்றவைக்கச் சொன்னால் அம்மாவிடம் கேட்டு வாங்கி, பற்றவைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த மனிதரின் பிள்ளை என்கிற பெருமிதத்தோடுதான் டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

3

ரங்கராஜன் வந்த அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. பொருள் பூசிய படலத்தை லேசருக்கு அனுப்பும் முன் மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்ப்போம். அதுவரை அதை நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் செய்துகொண்டிருந்தோம். நேரம் மிச்சமாகட்டும் என்று வெளியே ஒரு மேசைக்கு மாற்றினேன். ரங்கராஜன் பூசிக் கொடுப்பான், நான் இரண்டு மூன்று நிமிடம் படலத்தின் மேல் குனிந்து பார்த்துவிட்டு லேசருக்கு அனுப்புவேன். யோசனை என்னுடையது. அதற்கு ஒரு பாராட்டுக் கடிதமும் கிடைத்தது.

செய்த புள்ளிகளின் ஆயுளைப் பார்க்க, அவற்றை வழக்கத்தைவிடப் பிரகாசமாக மூன்று வாரம் விடாமல் எரியவிடுவோம். கோடை முடியும்போது அதுவரை வந்த முடிவுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தோம். பெரும்பாலான கண்ணாடிகள் நன்றாக இருந்தன. இடையிடையே ஒன்றிரண்டில் நீலம் மட்டும் பாதி நாளிலேயே செத்துப்போயிருந்தது. எங்கள் குழுத் தலைவி கார்லா பொருள் வந்த டப்பாவின் எண்ணை வைத்துப் பார்த்தாள், கண்ணாடியின் எண்ணை வைத்துப் பார்த்தாள், எந்த லேசர் என்று பார்த்தாள். எதிலும் ஒட்டவில்லை. கெட்டுப்போன ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினோம். படலத்தில் ஏதோ தாவர எண்ணெயின் சுவடு இருப்பதாக அறிக்கை வந்தது.

அடுத்த கூட்டத்தில் கார்லா நேராகவே கேட்டாள். "ரங்கராஜன், நீங்கள் நெற்றியில் இடுவது எதனால் ஆனது?"

"மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு" என்றான் அவன்.

"மஞ்சள் ஒரு தாவரம்தானே?"

அறையில் இருந்த ஏழு பேரும் அவன் நெற்றியைப் பார்த்தார்கள். அப்போது அங்கே ஒன்றும் இல்லை. காலையிலேயே துடைத்தாயிற்று.

நான் வாய் திறந்தேன். "துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். தினமும் நானே பார்க்கிறேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "துடைத்தாலும் தோலில் கொஞ்சம் தங்கலாம்தான்" என்று சேர்த்துக்கொண்டேன். விஞ்ஞானப்படி அது சரியான வாக்கியம். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கூசுகிறது.

கார்லா கெட்டவள் இல்லை. நெற்றியில் இட வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. காரணம் தெரியும்வரை யாருடைய ஒப்பந்தத்தையும் நீட்டிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று மட்டும் சொன்னாள். அந்தக் குழுவில் ஒப்பந்தம் முடிய இருந்தது ஒருவனுக்குத்தான். டிசம்பர் கடைசியோடு ரங்கராஜனின் ஒப்பந்தம் முடிகிறது. அது முடிந்தால் விசாவும் முடியும்.

அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோதை ஸ்ரீரங்கத்தில் மாமியார் மாமனாரோடு இருந்தாள். சென்னையில் இருக்கும் ஜெர்மன் துணைத் தூதரகத்தில் அவளுக்கு டிசம்பர் ஒன்பதாம் தேதி நேர்காணல். மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த தேதி. கணவனின் வேலை தொடர்கிறது என்பதற்குக் கடிதம் இல்லாமல் அங்கே போய் நிற்கவே முடியாது.

ரங்கராஜன் வீட்டிலும் ஸ்ரீசூர்ணம் இடுவதை நிறுத்தினான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை நிறுத்தினான். "ஒண்ணொண்ணா விட்டுப் பாக்கறேன் பாய். எதுனாலன்னு தெரிஞ்சா சரி" என்றான். நவம்பர் முழுக்க அந்த வெறும் நெற்றியோடு வந்துபோனான்.

4

என் வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பள்ளிவாசல் என்பது ஒரு பழைய மரச்சாமான் கடையின் பின்கட்டு. சிரியாக்காரர், துருக்கிக்காரர், செச்சினியாக்காரர் என்று எல்லாரும் வருவார்கள். பயான் என்கிற சொற்பொழிவு முதலில் அரபியிலும் பிறகு ஜெர்மனிலும் நடக்கும். இரண்டுமே எனக்குப் பாதிதான் புரியும். மதியம் ஒரு மணி நேரம் போய்வர அனுமதி உண்டு. அந்த நேரத்தை மாலையில் உட்கார்ந்து ஈடுகட்டிவிடுவேன்.

காலையில் குளித்ததும் அத்தர் போட்டுக்கொள்வேன். பாலக்கரை வீட்டில் ஜும்ஆ தொழுகை நாள் என்றால் அத்தா எங்களை வரிசையாக நிறுத்தி, மணிக்கட்டில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று என்று தொட்டுவிடுவார். கடைசியில் மிச்சத்தைப் பஞ்சில் ஒற்றித் தன் காது மடலில் செருகிக்கொள்வார். அந்த அத்தர் பெரிய கடைவீதியில் ஒரு சந்துக் கடையிலிருந்து வரும். இன்றைக்கும் ஊருக்கு வந்தால் அதே கடையில் இரண்டு குப்பி வாங்காமல் விமானம் ஏற மாட்டேன். ஆய்வுக்கூடத்துக்குள் போகும் முன் அவரைப் போலவே காதில் செருகியிருக்கும் பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைப்பு.

சென்ட் கூடாது என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவன் இதை எப்படி யோசிக்காமல் இருந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னை நிறைய தடவை கேட்டுக்கொண்டேன். சென்ட் என்றால் எனக்கு ஸ்பிரிட் கலந்த ஸ்ப்ரே. அதை நான் வாழ்க்கையில் தொட்டதில்லை. ஷேவ் செய்தபின் லோஷன்கூடப் போட மாட்டேன். அத்தர் எனக்கு ஜும்ஆவின் ஒரு பகுதி, நகம் வெட்டுவது மாதிரி, குளிப்பது மாதிரி. அது ஒரு வாசனைப் பொருள் என்றே என் தலையில் பதிந்திருக்கவில்லை. அத்தரில் ஸ்பிரிட் கிடையாது, வெறும் எண்ணெய். சீக்கிரம் ஆவியாகாது. நாள் முழுக்க மெதுவாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும்.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, மாலையில் என் மகள் நஸ்ரினை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்து வந்தேன். பதின்மூன்று வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். காரில் ஏறியதும் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். வெளியே பனி. தலை வேறு ஈரம்.

"மூடும்மா, காய்ச்சல் வரும்" என்றேன்.

மூடவில்லை. நான் என் பக்கத்துப் பொத்தானை அழுத்தி ஏற்றினேன். அவள் மறுபடி இறக்கினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளையாகவே இவள் வளரவில்லை என்று தொடங்கி வழக்கமான பாட்டைப் பாடினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்க வாசனை கார் ஃபுல்லா இருக்கும் அத்தா. எனக்குத் தலை வலிக்கும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் சீட்ல இருக்கும்."

காரை ஓரமாக நிறுத்தினேன். அவள் பயந்துபோய், "ஸாரி அத்தா" என்றாள். அவளை வீட்டில் இறக்கிவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போனேன். பதிவேட்டை எடுத்து, கெட்டுப்போன கண்ணாடிகள் செய்த தேதிகளை நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமைக் கண்ணாடி மட்டும் நன்றாக இருந்தது. அன்று நான் விடுப்பு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தது ரங்கராஜன்.

5

வீட்டுக்கு வந்து ஷமீமிடம் சொன்னேன். அவள் என் மனைவி. சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"திங்கக்கிழமை காலையில முதல் வேலையா போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

"சும்மா போய்ச் சொன்னா ஆச்சா? நிரூபிக்கணும்ல. அடுத்த வெள்ளிக்கிழமை அத்தர் போடாம ஒரு கண்ணாடி பண்ணிப் பார்க்கறேன். நல்லா வந்தா சொல்லிக்கலாம்."

"அது தெரிய எத்தனை நாளாகும்?"

"மூணு வாரம்."

"அந்தப் பொண்ணுக்குத் தேதி எப்பன்னு சொன்னீங்க?"

நான் கார் சாவியை மாட்ட எழுந்து போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தர் இல்லாமல் ஜும்ஆவுக்குப் போனேன். பிறகு அன்றைய கண்ணாடியைச் செய்து எரியவைத்தேன். தரவு வரட்டும், அதுவரை ஊகம்தான் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதிகளுக்கு டிக் அடிக்கிறவனே விதியை மீறியவன் என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். பாராட்டு வாங்கிய யோசனையால்தான் இத்தனையும் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்கச் சொல்லித் தாளை உருவிக் கொடுத்த கையிலேயே அத்தர் இருந்தது என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

தரவு வர வேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்குத் தெரியும். பதிவேடு போதும். பத்து வரி மின்னஞ்சல் போதும்.

அந்த வாரங்களில் ரங்கராஜன் மதிய உணவு இடைவேளையில் அறையின் மூலையில் நின்று போனில் பேசிக்கொண்டிருப்பான். "கடுதாசி இன்னும் வரலை. கேட்டுண்டேதான் இருக்கேன். நீ அழாதே. அம்மாட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்" என்று மெதுவான குரலில் சொல்வான். என் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்பதாம் தேதி வந்தது, போயிற்று. அன்று அவன் வழக்கத்தைவிட நிறைய படலங்கள் பூசினான்.

6

மூன்று வாரம் முடிந்தது. அத்தர் இல்லாத வெள்ளிக்கிழமையின் நீலம் கெட்டியாக எரிந்துகொண்டிருந்தது. வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு கார்லாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் காரணம் என்றைக்குத் தோன்றியது என்பதைத் தவிர எல்லாவற்றையும்.

கார்லா இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டும் மைக்ராஸ்கோப் மேசையைப் பற்றி. பிறகு, "உறுதி செய்துகொண்டு வந்ததற்கு நன்றி, ஜாபர். அவசரப்பட்டு ஒருவர்மேல் சந்தேகப்பட்டது என் தவறு" என்றாள். அன்று மாலையே ரங்கராஜனின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். சோதனையை மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குள் மாற்றினோம். விதித் தாளில் 'எந்த வகையான வாசனை எண்ணெயும்' என்று ஒரு வரி கூடிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கடிதம் கிடைத்தும் வெளிநாட்டினர் அலுவலகம் கிறிஸ்துமஸுக்காக மூடியிருந்தது. விசா முடிந்துவிட்டதால் ரங்கராஜனுக்கு ஒரு தற்காலிகக் காகிதம் கொடுத்தார்கள். அதன் ஜெர்மன் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'கற்பனைச் சான்றிதழ்' என்று வரும். இந்த நாட்டில் அலுவலகத்துக்காரர்கள் தமாஷ் செய்வதில்லை, உண்மையிலேயே அதுதான் பெயர். அதை வைத்து வேலை பார்க்கலாம், மனைவியைக் கூப்பிட முடியாது. கோதைக்கு அடுத்த நேர்காணல் நான்கு மாதம் தள்ளிக் கிடைத்தது.

கார்லாவிடம் சொன்ன அன்றே, காபி இயந்திரத்தின் பக்கத்தில் ரங்கராஜனிடமும் சொன்னேன். அவன் அதிர்ச்சி அடையவில்லை.

"நீங்க அத்தர் போடறது எனக்கு முதல் வெள்ளிக்கிழமையே தெரியும் பாய். பெரிய கடைவீதில நடந்தா அந்த வாசனைதானே."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"எனக்கு ரூல்ஸ் சொல்லிக்குடுத்ததே நீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா? ஏதோ பெர்மிஷன் வாங்கியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"சரி, அந்த மீட்டிங்குக்கு அப்புறம்?"

அவன் காபியைக் கலக்கினான். "அப்புறம் சொன்னா நல்லா இருக்காது பாய். நாமக்காரன் தான் தப்பிக்கறதுக்கு பாய் மேல கையைக் காட்டினான்னு ஆகும். எனக்கும் நிச்சயமாத் தெரியாது. ஊர்ல நடக்கறது போறாதா, இங்க வந்துமா?"

நான் குனிந்துகொண்டேன். அவன் கேட்டான்.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான்.

"நாலு வாரம் ஆச்சு" என்றேன்.

அவன் மனத்துக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஒன்பதாம் தேதி என்று அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "காபி ஆறிடும், குடிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பையை அலம்பப் போனான். காபி அதில் முக்கால்வாசி இருந்தது.

அதற்குப் பிறகும் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நிற்கவில்லை. படலம், லேசர், கண்ணாடி என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஜனவரி முதல் அவன் மறுபடி ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொண்டான். காலையில் அவன் துடைக்கும்போது உடை மாற்றும் அறைக்குள் போவதை நான் தவிர்த்தேன்.

7

கோதை பெர்லினில் வந்து இறங்கினாள். ரங்கராஜனிடம் கார் கிடையாது. நான் கூட்டிவருகிறேன் என்றதற்கு, "வேண்டாம் பாய், டிரெயின்ல வந்துடறோம்" என்றான். நான் விடாப்பிடியாக நின்றேன். எதையாவது செய்தாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் தீர்கிற விஷயமா என்று ஷமீம் கேட்டாள்.

மூன்று பெட்டி, ஒரு கட்டைப் பை. பையில் அப்பளக் கட்டும் ஊறுகாய் பாட்டில்களும் இருந்தன. சுங்கத்தில் அதைத் திறந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் மூடிவிட்டார்களாம். பின் சீட்டில் பெட்டியோடு பெட்டியாக உட்கார்ந்து வந்தாள். ரங்கராஜன் முன்னால், என் பக்கத்தில். அவள்தான் நிறைய பேசினாள். சாலையில் ஒரு ஹார்ன் சத்தம்கூட இல்லையே என்றாள். நஸ்ரின் என்ன படிக்கிறாள், ஷமீம் அக்கா எந்த ஊர், முசிறிப் பக்கமா என்றெல்லாம் கேட்டாள். ஆமாம், முசிறிதான் என்றதும் தன் அத்தையும் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று மகிழ்ந்துபோனாள். பிறகு, "இவர் உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கார் அண்ணா" என்றாள்.

ரங்கராஜன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்னும் ஒரு மணி நேரம்தான்.

"கோதை, நீங்க நாலு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்மா" என்றேன். "தப்பு என்னோடதுன்னு எனக்கு நவம்பர்லயே தெரியும். அப்பவே சொல்லியிருந்தா உங்களுக்கு லெட்டர் கிடைச்சிருக்கும். நான் சொல்லலை."

அவள் மடியிலிருந்த கட்டைப் பையைக் கீழே இறக்கிவைத்தாள்.

"ஏன் அண்ணா சொல்லலை?"

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. கார்லாவுக்கு விஷயமே தெரியாது. ரங்கராஜன் கேட்கவில்லை. தரவு, நிரூபணம், மூன்று வாரம் என்று பதில்கள் என்னிடம் தயாராக இருந்தன. அவற்றை ஜெர்மனில் அழகாகச் சொல்லியிருப்பேன்.

"பயந்துட்டேன்மா" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் கோபமாக இல்லை. அழவும் இல்லை. எதையோ சரிபார்க்கிற மாதிரி என் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரும் அதைத்தான் சொன்னார். 'பாய் கெட்டவர் இல்லை, பயந்துட்டார், அவ்வளவுதான்'னு. நான் நம்பலை. பெரிசா வேற ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன்" என்றாள். பிறகு கேட்டாள். "நாலு மாசம். இவ்வளவுக்குத்தானா அண்ணா?"

"இவ்வளவுக்குத்தாம்மா" என்றேன்.